விற்காத நிலத்தின் விலை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிடும் நில மதிப்பு அறிக்கையை நான் தவறாமல் எடுத்துப் பார்ப்பேன். 2024ஆம் ஆண்டு அறிக்கையில், நிலமும் அதன் மேலுள்ள கட்டடங்களும் சேர்ந்த பண்ணைச் சொத்தின் சராசரி மதிப்பு ஏக்கருக்கு 4,170 டாலர் என்றும், பயிர் நிலத்தின் மதிப்பு மட்டும் 5,570 டாலர் என்றும், பயிர் நிலத்துக்கான ரொக்கக் குத்தகை 160 டாலர் என்றும் இருந்தது. இப்படியான எண்கள் வெளிவந்த உடனே, நிலத்தின் விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்துவிடும். அந்த 'விலை' என்ற சொல்தான் எனக்கு நெருடுகிறது. ஒருவர் பணம் கொடுத்து மற்றொருவர் கைநீட்டி வாங்கியதைத்தான் விலை என்கிறோம். இந்த 4,170 டாலரை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்த எண் பிறக்கும் இடத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில், கணக்கெடுப்பாளர் ஒருவர் வான்வழிப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பண்ணை வீட்டின் வாசலில் நிற்கிறார். மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு துண்டு நிலம், பெரும்பாலும் ஒரு சதுர மைல் அளவுள்ளது, அந்தப் படத்தில் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் எந்த வயலில் என்ன விதைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதே அவருடைய முதன்மையான வேலை. அந்தக் கேள்விகளோடு ஒன்றாக, இந்த நிலம் இன்று சந்தையில் எவ்வளவு பெறும் என்றும் கேட்கிறார். எதிரே நிற்கும் விவசாயி அந்த நிலத்தை விற்கும் எண்ணத்தில் இல்லை. போன ஆண்டு இரண்டு மைல் தள்ளி நடந்த ஏலத்தில் என்ன போனது என்பது அவருடைய நினைவில் இருக்கிறது. தம் மண் அதைவிட நல்லது என்ற பெருமையும் இருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைச் சொல்கிறார். அப்படிச் சொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான எண்களைப் புள்ளியியல் முறைப்படி எடைபோட்டுச் சேர்த்தால் கிடைப்பதுதான் நாட்டின் சராசரி.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தம் நிலத்தை ஆண்டு முழுவதும் மிதித்து நடப்பவருடைய மதிப்பீட்டை விட்டுவிட்டு வேறு யாரை நம்புவது என்ற கேள்விக்கும் நல்ல விடை கிடையாது. ஆனால் கருத்தின் சராசரிக்கும் கிரயத்தின் சராசரிக்கும் குணம் வேறு. மனிதர்கள் தம் சொத்தின் மதிப்பை உயர்த்துவதில் காட்டும் விரைவைத் தாழ்த்துவதில் காட்டுவதில்லை. நேற்றுச் சொன்ன எண்ணின் அருகிலேயே இன்றும் நிற்க விரும்புகிறார்கள். ஆகையால் கருத்தைக் கேட்டுத் தொகுத்த தொடர்கள், உண்மைச் சந்தை குதிக்கும்போது மெல்ல நடக்கின்றன. அது விழும்போது சற்றுத் தாமதித்தே இறங்குகின்றன. வரைபடத்தில் அழகாக வளைந்து செல்லும் கோட்டைக் கண்டு, நிலச் சந்தை அமைதியானது என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டின் அமைதியில் ஒரு பங்கு, கேட்ட முறையிலிருந்து வந்தது.

யாரைக் கேட்கிறோம் என்பதால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு அயோவா மாநிலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அயோவா அரசுப் பல்கலைக்கழகம் 1941ஆம் ஆண்டு முதல் தனியாக ஒரு நில மதிப்புக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. அது விவசாயியின் வாசலுக்குப் போவதில்லை. நிலத் தரகர்கள், வேளாண் கடன் கொடுக்கும் வங்கியாளர்கள், மதிப்பீட்டாளர்கள், பண்ணை மேலாளர்கள் ஆகியோரிடம், நவம்பர் முதல் தேதியின் நிலவரப்படி உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த தர நிலங்களுக்கு உங்கள் மாவட்டத்தில் என்ன மதிப்பு என்று கேட்கிறது. 2023இல் அதன் மாநிலச் சராசரி ஏக்கருக்கு 11,835 டாலர். அந்தத் தொடரில் அதற்கு முன் அவ்வளவு உயரம் இருந்ததில்லை. 2024இல் அது 11,467 டாலராக இறங்கியது. அதே மாநிலத்துக்கு, அதே ஆண்டுகளுக்கு, வேளாண்மைத் துறை சொல்லும் சராசரி இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவு. இரண்டில் எது பொய் என்று என்னிடம் ஒருமுறை நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் மெய்தான். ஒன்று ஜூன் மாதத்தது, மற்றொன்று நவம்பரில் அறுவடை முடிந்தபின் எடுக்கப்பட்டது. ஒன்று நிலத்தை வைத்திருப்பவரின் வாயிலிருந்து வந்தது, மற்றொன்று நிலம் கைமாறுவதைத் தொழிலாகப் பார்த்துக்கொண்டிருப்பவரின் வாயிலிருந்து வந்தது. தரகரின் நினைவில் விற்ற நிலங்களே நிறைந்திருக்கும். விற்காத கரட்டு நிலம் அவருடைய கண்ணில் படுவதே அரிது.

சரி, கருத்தைக் கேட்பானேன், நடந்த விற்பனைகளை மட்டும் எண்ணினால் போதாதா? அவ்வாறு எண்ணுவதற்கு விற்பனைகள் நடக்க வேண்டுமே. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நில உரிமையையும் அது கைமாறுவதையும் பற்றி எடுக்கப்பட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில், அடுத்து வரும் ஐந்தாண்டுகளில் நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 91 கோடி ஏக்கரில் 9.3 கோடி ஏக்கர் கைமாறும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதில் உறவினர் அல்லாதவருக்கு விற்கப்படும் என்று உறுதியாகச் சொல்லப்பட்டது 2.1 கோடி ஏக்கர் மட்டுமே. ஐந்தாண்டுக்கு 2.3 விழுக்காடு என்றால், ஆண்டுக்கு அரை விழுக்காடுகூட இல்லை. வீட்டுச் சந்தையைப் பற்றிப் படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நிலச் சந்தை என்று நாம் சொல்வது ஒரு பெரிய ஏரியின் மதகில் கசியும் நீர் போன்றது. அந்தக் கசிவை அளந்து ஏரியின் ஆழத்தைச் சொல்லப் பார்க்கிறோம்.

அந்தச் சிறு கசிவும் எல்லோருக்கும் பொதுவான நீர் இல்லை. விற்பனைக்கு வரும் வயலை வாங்குபவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரர். அவரிடம் டிராக்டர் ஏற்கெனவே இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, மகன் இருக்கிறான். கூடுதலாக 80 ஏக்கர் வந்தால் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. எனவே அந்த 80 ஏக்கர், புதிதாக வந்து தொடங்கும் ஒருவருக்குத் தரக்கூடிய வருமானத்தைவிட இவருக்கு அதிகமாகத் தரும். போதாக்குறைக்கு, ஒட்டியிருக்கும் நிலம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் விலைக்கு வரும் என்ற அச்சம் வேறு. இப்படி இரண்டு பக்கத்து வயல்காரர்கள் ஓர் ஏலத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் உண்டாகும் விலையை அந்த மாவட்டத்து நிலம் முழுவதற்கும் பொருத்துவது எவ்வளவு நியாயம் என்பதைப் படிப்பவர்தாம் முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் அதில் பாதிக்கு மேல் நம்புவதில்லை.

விற்பனையை மட்டும் எண்ணும் முறையில் வேறொரு பொறியும் உண்டு. கற்பனையாக ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வளமான நிலம் ஏக்கர் 10,000, மேட்டு நிலம் ஏக்கர் 4,000 என்று போகிறது. முதல் ஆண்டில் வளமான வயல் ஒன்றும் மேட்டு வயல் ஒன்றும், ஒரே பரப்பளவில், விற்கின்றன, சராசரி 7,000. மறு ஆண்டில் எல்லா நிலத்தின் விலையும் 5 விழுக்காடு விழுந்துவிடுகிறது. விலை விழும்போது மேட்டு நிலத்தை வாங்க ஆள் வருவதில்லை. ஆகையால் விற்றவை இரண்டும் வளமான வயல்கள், ஏக்கர் 9,500 வீதம். சராசரி 9,500. அட்டவணையைப் பார்ப்பவருக்கு விலை 36 விழுக்காடு ஏறியதாகத் தெரியும். அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு வயலின் விலைகூட ஏறவில்லை. தர வாரியாகப் பிரித்துக் கேட்கும் முறையும், மண் தரம், பாசனம், நகரத்திலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு சரிசெய்யும் முறையும் இந்தப் பொறியிலிருந்து தப்பவே வந்தன. ஆனால் செய்தியாக வெளிவருவது எப்போதும் சரிசெய்யாத சராசரிதான்.

நாடுகளை ஒப்பிடும்போது இந்தச் சிக்கல் இன்னும் பெருகுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அட்டவணையில், நெதர்லாந்தில் உழவு நிலம் ஹெக்டேருக்குச் சராசரியாக 85,000 யூரோவைத் தாண்டியிருந்தது. பிரான்சில் அதே ஆண்டில் குத்தகைக்கு விடப்படாத வயல் மற்றும் மேய்ச்சல் நிலத்தின் சராசரி 6,130 யூரோ. நெதர்லாந்தின் மண் பிரான்சின் மண்ணைவிடப் பதினான்கு மடங்கு விளையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெருக்கமான மக்கள்தொகை, தோட்டப் பயிரும் பால் பண்ணையும் தரும் செறிவான வருமானம் ஆகியவை ஒரு பக்கம். மறுபக்கத்தில் பிரான்சின் சட்டம் இருக்கிறது. அங்கே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான சாஃபேர் என்னும் நில அமைப்புகளுக்கு, விற்பனைக்கு வரும் வேளாண் நிலத்தை மற்றவருக்கு முன்பாகத் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. விலை மிகையானது என்று கண்டால் அதைக் குறைக்கச் சொல்லவும் அவற்றால் இயலும். சாதாரணக் குத்தகை குறைந்தது ஒன்பது ஆண்டுக்கு நீடிக்க வேண்டும்; குத்தகைத் தொகை அரசு வகுத்த மேல் வரம்புக்கும் கீழ் வரம்புக்கும் இடையில் இருக்க வேண்டும். குத்தகை வருமானத்துக்கு எல்லை கட்டினால், அந்த வருமானத்துக்காக நிலத்தை வாங்க நினைப்பவரின் ஆசைக்கும் எல்லை விழுந்துவிடுகிறது. குத்தகைதாரர் உள்ளே இருக்கும் நிலம் அங்கே காலி நிலத்தைவிட மலிவாக விற்பதே இதற்குச் சாட்சி. ஆக, 6,130 யூரோ என்ற எண்ணில் மண் ஒரு பங்கு, நாடாளுமன்றம் ஒரு பங்கு.

இத்தனைக்குப் பிறகு, விற்பனையை விட்டுவிட்டுக் குத்தகையைப் பார்க்கலாமே என்று தோன்றும். எனக்கும் குத்தகைக் கணக்கின் மேல்தான் மதிப்பு அதிகம். அது ஆண்டுதோறும் உண்மையாகவே கைமாறும் பணம். அதைக் கொடுப்பவர் விளைச்சலிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே கனவுக்கு அதில் இடம் குறைவு. அமெரிக்காவில் பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு குத்தகையில் இருக்கிறது. ஜெர்மனியில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. விற்பனையின் கசிவோடு ஒப்பிட்டால் இது ஒரு பெரிய ஆறு.

ஆனாலும் இங்கேயும் கேள்வித்தாளைப் படிக்காமல் விடையைப் படிக்கக் கூடாது. அமெரிக்க ரொக்கக் குத்தகைக் கணக்கெடுப்பு எதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறது என்று பாருங்கள்: விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகை சேராது, மாட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் விடும் மேய்ச்சல் சேராது, கொட்டகையும் தொழுவமும் சேர்த்து விட்ட நிலம் சேராது, காசு வாங்காமல் விட்டுக்கொடுத்த நிலமும் சேராது. ஒவ்வொரு விலக்குக்கும் தக்க காரணம் இருக்கிறது, ஏனெனில் ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்று சொல்ல முடியாததை ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்று எழுத முடியாது. ஆயினும் கடைசி வகையைச் சற்று நினைத்துப் பாருங்கள். தந்தையின் நிலத்தில் மகள் சும்மா பயிர் செய்வதும், வயதான பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தை வரியை மட்டும் கட்டிக்கொண்டு ஒருவர் பார்த்துக்கொள்வதும் குத்தகைச் சந்தையின் பகுதிகள்தாம். சராசரியில் அவை இல்லை.

சராசரிக்குள் இருப்பவையும் ஒரே வயதுடையவை அல்ல. இருபது ஆண்டுகளாக ஒரே ஆளுக்கு விட்ட நிலத்தின் குத்தகை, நேற்று ஏலத்தில் விட்ட நிலத்தின் குத்தகையோடு ஒரே வரிசையில் நிற்கிறது. முன்னதில் பழக்கமும் நம்பிக்கையும், வரப்பை ஒழுங்காக வைத்திருக்கும் ஆளை இழக்கக் கூடாது என்ற கணக்கும் கலந்திருக்கின்றன. இங்கிலாந்தின் புள்ளிவிவரம் இதில் நேர்மையானது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் பழைய குத்தகைகளையும், 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தொடங்கிய புதிய வகைக் குத்தகைகளையும் தனித்தனியாகக் காட்டுகிறது. புதியதன் சராசரி வழக்கமாக உயர்ந்தே நிற்கிறது. ஒரே நாட்டின் மண்ணுக்கு இரண்டு குத்தகை இருப்பதைப் பார்க்கும்போது, மற்ற நாடுகளின் ஒற்றைச் சராசரி எதையெல்லாம் கலந்து மறைக்கிறது என்பது புரியும். பிரான்சில் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே குத்தகையைத் திருத்தும் தேசியக் குறியீட்டில் 60 விழுக்காடு, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஹெக்டேருக்குக் கிடைத்த வேளாண் வருமானத்தின் போக்கு. மீதி 40 விழுக்காடு, பொது விலைவாசியின் போக்கு. 2024இல் குறியீடு 5.23 விழுக்காடு ஏறியது. அது சந்தை சொன்ன செய்தி என்று படிப்பவர், ஒரு சூத்திரத்தின் விடையைச் சந்தையின் குரல் என்று எடுத்துக்கொள்கிறார்.

சட்டம் ஒரு படி மேலே போய்க் குத்தகையையே தடுத்தாலோ, குத்தகைதாரருக்கு நிரந்தர உரிமை கொடுத்தாலோ, எண் முற்றாகவே தலைமறைவாகிவிடும். இந்தியா இதற்குத் தக்க சான்று. கேரளத்தில் 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் புதிய குத்தகைகளைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களில் நீண்ட நாள் பயிர் செய்தவருக்கு உரிமை போய்விடுமோ என்ற அச்சம் உரிமையாளரைப் பேச்சளவு ஏற்பாட்டுக்குத் தள்ளியது. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம், என் நிலத்தை வேறொருவர் உழுகிறார் என்று அந்த உரிமையாளர் எப்படிச் சொல்வார்? உழுபவரும் அடுத்த பருவத்துக்கு நிலம் வேண்டுமென்றால் வாய் திறக்க மாட்டார். குத்தகையைச் சட்டப்படி வெளியே கொண்டுவருவதற்காக நிதி ஆயோக் அமைத்த, டி. ஹக் தலைமையிலான குழு 2016இல் ஒரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்ததற்கு இந்த மறைவே காரணம். எழுத்தில் இல்லாத குத்தகைதாரருக்கு வங்கிக் கடனும் பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் கிடைப்பது கடினம். அட்டவணையில் விடுபட்டவர் உதவித்தொகைப் பட்டியலிலும் விடுபடுகிறார்.

இனி விலையையும் குத்தகையையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் விகிதத்துக்கு வருகிறேன். இதில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்தேன். 160 டாலர் குத்தகையை 4,170 டாலரால் வகுத்து, நிலத்தின் ஆண்டு வருவாய் 3.8 விழுக்காடு என்று ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்தேன். வங்கி வட்டியோடு ஒப்பிட்டு இரண்டு பத்திகளும் எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: குத்தகை பயிர் நிலத்துக்கானது, 4,170 டாலரோ மேய்ச்சல் நிலமும் கட்டடமும் எல்லாம் சேர்ந்த சராசரி. பயிர் நிலத்தின் 5,570 டாலரால் வகுத்தால் 2.9 விழுக்காடுதான் வருகிறது. அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும் இரண்டு அட்டவணைகளை மாற்றிப் படித்ததற்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தண்டம். அந்த இரண்டு பத்திகளையும் அழித்தேன்.

2.9 விழுக்காடு வருவாய்க்கு ஏன் ஒருவர் நிலத்தை வாங்க வேண்டும்? குத்தகை வருங்காலத்தில் ஏறும் என்று நம்புவதால்தான். ஒருவர் தம் முதலுக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வேண்டும் என்கிறார், குத்தகை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறும் என்றும் நம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 160 டாலர் குத்தகையை இரண்டின் வேறுபாடான 3 விழுக்காட்டால் வகுக்க வேண்டும். 5,333 டாலர் வரை அவர் கொடுக்கலாம். அந்த நம்பிக்கை 2 விழுக்காடாகக் குறைந்தால் கணக்கு 4,000 டாலருக்கு இறங்கிவிடும். குத்தகை ஒரு டாலரும் குறையவில்லை. நிலத்தின் மதிப்பில் கால்பங்கு காணாமல் போய்விட்டது. அதோடு வட்டியும் ஏறி, அவர் 8 விழுக்காடு கேட்கத் தொடங்கினால் 2,667 டாலர், அதாவது சரிபாதி.

இது தாளில் போடும் கணக்கு மட்டும் அன்று. 1970களில் அமெரிக்காவின் தானிய ஏற்றுமதி பெருகி, விலைவாசி ஏறி, நிலத்தின் மதிப்பும் ஏறிக்கொண்டே போனது. ஏறிய மதிப்பை அடமானம் வைத்து மேலும் நிலம் வாங்கினார்கள். பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தியதும், வட்டியின் ஏற்றமும் நம்பிக்கையின் சரிவும் ஒருசேர இடித்தன. அயோவாவின் தொடரில் 1981இல் 2,147 டாலராக இருந்த ஏக்கர், 1986இல் 787 டாலர். நூற்றுக்கு 63 பங்கு போய்விட்டது. அமெரிக்கப் பண்ணைத் துறையின் மொத்தச் சொத்து மதிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலமும் கட்டடமும்தான் என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். வாசலில் நின்று கேட்டுப் பெற்ற கருத்துகளின் சராசரிதான் பண்ணைத் துறையின் இருப்புநிலைக் கணக்கில் பெரும்பகுதியாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடன் சுமை தாங்கக்கூடியதா என்று சொல்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் ஒரு சிறிய ஒத்திகையும் நடந்தது. 2012ஆம் ஆண்டு வறட்சியில் மக்காச்சோளம், புஷல் என்னும் தானிய அளவு ஒன்றுக்கு, 8 டாலரைத் தாண்டியது; 2014 அறுவடையின்போது அது அதில் பாதியும் இல்லை. ஆனால் பயிர் நிலக் குத்தகையின் நாட்டுச் சராசரி 2014இல் 141 டாலர், 2015இல் 144 டாலர் என்று ஏறிக்கொண்டே இருந்தது; 2016இல்தான் 136 டாலருக்கு இறங்கியது. தானியம் விழுந்த பிறகும் இரண்டு பருவத்துக்குக் குத்தகைதாரர்கள் பழைய ஒப்பந்தத்தின்படி, ஏறிய தொகையைத் தம் கையிருப்பிலிருந்து கொடுத்தார்கள். ஆகையால் ஆகஸ்ட் அறிக்கை வந்ததும் நான் முதலில் திறப்பது நில மதிப்பு அட்டவணையை அன்று. குத்தகை அட்டவணையை எடுத்து, இரண்டு ஆண்டுக்கு முந்தைய தானிய விலையை அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். மதிப்பு அட்டவணையை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.